மும்முறை அழைத்தும்

ஒருவர் ஓரிடத்தில் இருக்கிறார் என்பதை முடிவு செய்வது யார்? அங்கே நிற்கிற அவரா, அவர் பெயருக்கு நேரே பேனாவை வைக்கிறவரா? நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டராக வேலை பார்த்த சிங்காரவேலின் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது. அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்திருந்தால் பாதித் தொல்லை வந்தே இருக்காது என்பது அவர் மனைவி செவ்வந்தியின் கட்சி. அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் எவர்சில்வர் டிபன் கேரியர்களாகச் சரியும். எல்லாம் ஒரே அளவு. மூடியில் ஒரே வாசகம்: 'முழு வருகைக்கான பரிசு'. ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட மட்டம் போடாதவர்களுக்கு அவருடைய செக்‌ஷனில் கொடுப்பது. விடாமல் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், வேறு ஏதாவது கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. சொந்தக்காரர் கல்யாணங்களுக்கெல்லாம் செவ்வந்தி அதையே தூக்கிக்கொண்டு போனாள். நாத்தனார் ஒருத்தி மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்காரருக்கு இந்தப் பரிசு எப்ப குடுத்தாங்க, அண்ணி?" என்று பந்தியில் வைத்துக் கேட்ட பிறகு, எழுத்தைச் சுரண்டி அழித்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

இந்தப் பித்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. அது அவர்களுடைய ஒரே மகள் இசைப்பிரியாவின் பிறந்த நாள்.

அப்போது அவர் பெர்மனன்ட் ஆகவில்லை. நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரிப் போடுகிற கான்ட்ராக்ட் வேலை. ஒரு நாள் காலையில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஆட்களை வரிசையில் நிற்க வைத்துத் தலையை எண்ணிப் பெயர் எழுதிக்கொண்டு போனான். பெர்மனன்ட்டுக்குப் போகிற பெயர்கள் அவை என்பது யாருக்கும் தெரியாது. சிங்காரவேல் அன்று திருவதிகையில், மாமியார் வீட்டு வாசலில், பிரசவ வலியில் துடிக்கிற பெண்டாட்டியின் சத்தத்தைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து விசாரித்தபோது சூப்பர்வைசர், "கூப்பிட்டேனேப்பா, நீ இல்லியே" என்றான். பகலெல்லாம் பெல்ட் நிழலில் தூங்குகிறவர்கள்கூட அன்றைக்கு எழுந்து நின்ற ஒரே காரணத்தால் முன்னால் போய்விட்டார்கள். அவருக்கு இன்னும் ஆறு வருஷம் பிடித்தது.

அதற்காக அவர் செவ்வந்தியை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை, திருப்பிச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, அன்றிலிருந்து அவர் ஒரு நாளும் இல்லாமல் போகவில்லை. சுரங்கத்தில் மட்டும். மாமனார் சாவுக்கு ஷிப்ட் முடிந்து, காதுக்குள் கரித்தூளோடு, பாடை கிளம்பின பிறகு வந்தார். மகளின் காதுகுத்துக்கு, பிள்ளை தாய்மாமன் மடியில் அழுது முடித்துத் தூங்கின பிறகு வந்தார். ஓர் இடத்தில் தவறாமல் இருப்பதற்கு மற்ற இடங்களில் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிற கணக்கை, அவர் பார்த்ததாகவே செவ்வந்திக்குத் தோன்றியதில்லை.

இப்படிப்பட்டவர் மீதுதான் 2014ஆம் வருஷம் சிவில் வழக்கு வந்தது.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்காகப் பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு மனை வாங்கி, மெல்ல மெல்லச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலின் அப்பாவும் தாத்தாவும் ஊரார் நிலத்தில் உழைத்தே போய்ச் சேர்ந்தவர்கள். அந்த வம்சத்தில் பத்திரம் என்று ஒரு தாளைக் கையில் வாங்கியது அவர்தான் முதல். மனைக்கு மூன்று பக்கமும் வேறொருவரின் முந்திரித் தோப்பு. ரோட்டுக்கு வர ஒரே ஒரு சந்து. முன்மனைக்காரர் குஞ்சிதபாதத்தின் வீட்டை ஒட்டி அது போகிறது. இரண்டு பேரும் ஒரே ஆளிடம் வாங்கியவர்கள். இரண்டு பத்திரத்திலும் அந்தச் சந்து பொதுவழி என்றுதான் எழுதியிருக்கிறது.

குஞ்சிதபாதம் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். பையன் கார் வாங்கிக் கொடுக்கும்வரைக்கும் நல்ல மனிதர்தான். கார் வந்ததும் அதை நிறுத்த இடம் வேண்டியிருந்தது, சந்தில் நிறுத்தினார். செங்கல் வண்டி நுழைய முடியாமல் நின்றபோது செவ்வந்தி போய்க் கேட்டாள். 

"எங்க எடத்துல நிறுத்தினா ஒனக்கு இன்னாம்மா?" என்றார். 

"ஒங்க எடம்னா பொதுவழின்னு ஏங்க எழுதி வச்சிருக்கு?" 

"அத கோர்ட்டுல வந்து கேளு" என்றார். வாய்ச்சவடால் என்று நினைத்தாள். அவர் நிஜமாகவே கோர்ட்டுக்குப் போய், அந்தச் சந்து முழுக்கத் தன்னுடையது, சிங்காரவேல் அதில் கால் வைக்கக் கூடாது என்று வழக்குப் போட்டுவிட்டார்.

கோர்ட் அமீனா கொண்டுவந்த சம்மனை எடுத்துக்கொண்டு இருவரும் மெயின் பஜாரில் வக்கீல் சைமன்ராஜைப் பார்க்கப் போனார்கள். அவர் குஞ்சிதபாதத்தின் பிராதைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"இது நிக்காது அண்ணே. ஒங்க பத்திரத்துல பொதுவழின்னு இருக்கு, அவரு பத்திரத்துலயும் இருக்கு. இத நாம எழுதிப் போட்டாப் போதும். அதுக்குப் பேருதான் எதிருரை. முப்பது நாளு டைம். கேட்டா தொண்ணூறு வரைக்கும் குடுப்பாங்க. அதுக்கு மேல ஜட்ஜு மனசு. நீங்க ஒரு நாளு சாயந்திரம் பத்திரத்த எடுத்துகினு வந்து உக்காருங்க, எழுதிப்புடலாம்."

"வாய்தா என்னிக்குங்க?" என்று கேட்டார் சிங்காரவேல்.

"வாய்தா கெடக்கட்டும். அத நான் பாத்துக்கறேன். நீங்க ஆபீசுக்கு வாங்க."

"வாய்தாவுக்கு வந்துடறேனுங்க. கூப்பிட்டா இருக்கணுமில்ல?"

செவ்வந்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் சொன்னது அவள் காதில் விழுந்த மாதிரியே அவர் காதிலும் விழுந்திருக்கும் என்று நம்பினாள். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் அப்படி நம்பியது அவளுடைய தப்பு.

ஆபீசுக்கு அவர் போகவில்லை. வாய்தாவுக்குப் போனார். லீவு போடாமல் போவதற்காக, வாய்தா வருகிற வாரமெல்லாம் யார் யாரையோ கெஞ்சி நைட் ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் சுரங்க பஸ்ஸில் இருந்து இறங்கியதும் வீட்டுக்கு வராமல் நேரே கோர்ட். கடைசி பெஞ்சில், மடியில் ஒரு மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பார். பையில் பத்திரம். அவர் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று, "இருக்கேனுங்க" என்பார். சைமன்ராஜோ அவருடைய ஜூனியரோ எதிருரைக்கு வாய்தா கேட்பார்கள். இன்னொரு தேதி விழும். அதை மனதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்குவார்.

"ஏங்க, எழுதிக் குடுத்தாச்சா?" என்று செவ்வந்தி கேட்பாள்.

"போய்ட்டுதான வரேன்."

"போனது தெரியுது. எழுதிக் குடுத்தாச்சா?"

"ஜட்ஜய்யா இன்னும் கேக்கல. கேட்டா எடுத்துக் குடுக்கப் பத்திரத்தக் கையிலயே வச்சிகினு இருக்கேன்."

"வக்கீலு கேட்டாரே."

"வக்கீலு கையில குடுத்தா எங்க போவும், யாருக்குத் தெரியும். நேரா ஐயா கையில குடுத்தா முடிஞ்சுது."

இதே பேச்சு மூன்று மாதத்தில் எத்தனை தடவை நடந்தது என்று அவள் எண்ணவில்லை. சைமன்ராஜும் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். அவருக்கு ஓய்வு கிடைக்கிற சாயந்திரங்களில் சிங்காரவேல் இரண்டாவது ஷிப்ட்டில் இருப்பார், அல்லது நைட் ஷிப்ட்டுக்காகத் தூங்கிக்கொண்டிருப்பார். பிறகு வக்கீலும் விட்டுவிட்டார். கட்சிக்காரர் வராவிட்டால் வக்கீலுக்கு மேலும் ஒரு வாய்தா; அதில் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பழியெல்லாம் சிங்காரவேல் தலையில் விழும். ஆனால் பெரும்பங்கு சிங்காரவேலுடையதுதான்.

ஒரு வாய்தாவுக்குச் செவ்வந்தியும் கூடப் போனாள். அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவதென்று. அன்றைக்கென்று பார்த்துச் சைமன்ராஜ் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார்; ஜூனியரையும் காணோம். கோர்ட் டவாலி வாசலுக்கு வந்து, சிங்காரவேல், சிங்காரவேல், சிங்காரவேல் என்று ஒரே மூச்சில் மூன்று தடவை கூவினார். 

"இருக்கேனுங்க" என்று இவர் உள்ளே எழுந்து நின்றார். நைட் ஷிப்ட் கண்கள் சிவந்திருந்தன.

நீதிபதி தலையை நிமிர்த்திப் பார்த்தார். "எதிருரை எங்கே?"

"பத்திரம் கையிலயே இருக்குதுங்க ஐயா." மஞ்சள் பையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"ஒங்க வக்கீல் எங்கே?"

"வந்துகினு இருக்காருங்க."

"போன தடவையே கடைசி வாய்ப்புன்னு சொல்லியாச்சு. எக்ஸ்பார்ட்டி" என்றார் நீதிபதி. கீழே உட்கார்ந்திருந்த பெஞ்ச் கிளார்க் ஏதோ எழுதினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

சிங்காரவேல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பல நாட்களாக இல்லாத தெளிவு முகத்தில் இருந்தது. 

"பாத்தியா? ஐயா இன்னிக்குதான் என்னப் பாத்துப் பேசினாரு" என்றார்.

"கடைசியில என்னமோ சொன்னாரே, இன்னா அது?"

"எக்ஸ்பார்ட்டி."

"அப்படின்னா?"

"பார்ட்டின்னா கேசுல இருக்கிறவங்க. வந்தவங்களக் குறிச்சிக்கிறாங்க."

செவ்வந்திக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவரோ டீக்கடையில் இரண்டு டீயும் ஒரு பன்னும் சொன்னார். கோர்ட் வாசலில் அவர் பன் வாங்கிக் கொடுத்தது அதுதான் முதலும் கடைசியும்.

சந்தின் வாயில் கல்லுக்கால்கள் நட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தது. வீட்டுக்கு ஜன்னல் கதவு பொருத்த வந்த ஆசாரி போன் செய்து, உள்ளே போக வழியில்லை என்றார். செவ்வந்தி ஓடினாள். மூன்று கல், நடுவே முள்கம்பி. குஞ்சிதபாதம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?"

"தீர்ப்பு ஆயிடுச்சும்மா. எதிர்க்கட்சி வரலன்னு ஒருதலையா முடிச்சுட்டாங்க."

"வரலியா? அந்த ஆளு ஒரு வாய்தா உட்டது இல்லியே. நானே கூட வந்தேனே."

"நானுந்தான் பாத்தேன்" என்றார் குஞ்சிதபாதம், துணியைப் பிழிந்தபடி. "ஆனா எழுத்துல வரலன்னுதான் இருக்கு. நான் என்னா பண்றது?"

அன்று சாயந்திரம் புருஷனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு சைமன்ராஜின் ஆபீசுக்குப் போனாள். வக்கீல் உத்தரவின் நகலை எடுத்துப் படித்தார். குறித்த காலத்தில் எதிருரை தாக்கல் செய்யப்படவில்லை. பிரதிவாதி மும்முறை அழைக்கப்பட்டும் ஆஜராகவில்லை.

சிங்காரவேல் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். வக்கீல் படித்தார்.

"நான் 'இருக்கேனுங்க'ன்னு சொன்னேனே."

"அண்ணே, நீங்க நின்னது ஆஜர் இல்ல. பேப்பருதான் ஆஜர். பேப்பரு வரலன்னா நீங்க வரல. எல்லாருக்கும் இந்த ஒரே வரியத்தான் எழுதுவாங்க. அத உடுங்க. தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி முப்பது நாளுக்குள்ள மனு போடணும். பத்து நாளு ஏற்கெனவே போயிடுச்சு." அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "பிரமாணப் பத்திரம் ரெடி. கையெழுத்துப் போட்டுட்டா நாளைக்கே தாக்கல் பண்ணிடலாம்."

செவ்வந்தி வாங்கிப் படித்தாள். மனுதாரராகிய தான் மஞ்சள் காமாலையால் பீடிக்கப்பட்டுப் படுத்த படுக்கையாகி, நாட்டு வைத்தியம் செய்துகொண்டு, பத்தியம் இருந்துவந்தபடியால், மேற்படி வாய்தாவுக்கு ஆஜராகவோ வக்கீலைக் கலந்து எதிருரை தாக்கல் செய்யவோ இயலவில்லை என்று இருந்தது.

"யாருக்கு சார் காமாலை?"

"அது வழக்கமா எழுதறதும்மா. டாக்டர் சர்ட்டிபிகேட்டு கேக்க மாட்டாங்க, நாட்டு வைத்தியம் பாருங்க."

"அன்னிக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"வேற கோர்ட்டுல ஒரு கேசு..."

"அப்ப காமாலை ஒங்களுக்குன்னு எழுதுங்க."

சைமன்ராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. பழகிப்போனவர். "வக்கீல் மேல எழுதினா கட்சிக்காரர் என்ன பண்ணிகினு இருந்தாருன்னு கேப்பாங்க. 'வந்தேன், ஆனா எதிருரை போடல'ன்னு எழுதினா வேணும்னே போடலன்னு ஆயிடும். வரவே முடியலன்னு எழுதினாத்தான் மன்னிப்பாங்க. கோர்ட்டு அப்படித்தாம்மா."

இந்த வாதத்தை நிதானமாக யோசித்துப் பார்த்தால் தலை சுற்றும். வந்தவரை வரவில்லை என்று எழுதியது தவறு. அந்தத் தவறைத் திருத்த, வந்தவரே வரவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செவ்வந்திக்குத் தலை சுற்றியது, ஆனால் வழி தெரிந்தது. சிங்காரவேலோ பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, மேஜைமேல் வைத்தார்.

"நான் வந்தேனுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் ஷிப்ட்டுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். அவள்தான் அவர் பின்னாலேயே நடந்தாள்.

"நீ வந்தது எனக்குத் தெரியும்யா. வக்கீலுக்குத் தெரியும். கேசு போட்டவனே பாத்தேன்னு சொல்றான். இன்னும் யாருக்குத் தெரியணும்?"

"தெரிஞ்சவங்க எழுதலியே."

"அதான் நாம எழுதலாம்ங்கறேன்."

"வரலன்னா?"

"ஆமா, வரலன்னுதான். அப்பத்தான் வந்ததா ஆவும்."

"நீயே கேளு, நீ பேசறத."

கேட்டாள். அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அதற்காக வீட்டை விட்டுவிட முடியுமா? ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்குத்தில் கூரை போட்ட வீடு ஒன்று முந்திரித் தோப்புக்கும் முள்கம்பிக்கும் நடுவில், உள்ளே போக வழியில்லாமல் நின்றது. அதன் பூட்டின் சாவி இவளுடைய முந்தானையில் இருந்தது. மகள் சென்னையிலிருந்து போன் செய்து, "அப்பா, இதெல்லாம் வெறும் பார்மாலிட்டி" என்றாள். "சரிம்மா" என்றார் அவர். அதோடு சரி.

சிங்காரவேலின் பிடிவாதத்தை நேர்மை என்று மெச்சிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்ட இடத்தில் நின்றதைத் தவிர அவர் செய்ய வேண்டிய எதையும் செய்யவில்லை. பையில் இருந்த பதிலைக் கடைசிவரை பையிலேயே வைத்திருந்தார். மனிதர் உடம்பைக் கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைத்தார். சுரங்கம் அவரை அப்படிப் பழக்கியிருந்தது. ஆனாலும், வரவில்லை என்று எழுதியதைக் கேட்டபோது அவருக்கு ஏற்பட்டது வீம்பு மட்டும் அல்ல என்பது செவ்வந்திக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு வார்த்தையை அவர் முன்பே, அந்தச் சூப்பர்வைசர் வாயால் ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

மனுப் போடக் கடைசி நாள். காலை ஷிப்ட் முடிந்து வந்து பின்கட்டில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கோர்ட் மூடுவதற்குள் போயாக வேண்டும். சைமன்ராஜ் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். செவ்வந்தி துண்டைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இசைப்பிரியா பொறந்த அன்னிக்கு நீ சொரங்கத்துல இல்ல. அத எழுதினாங்க. ஆறு வருஷம் போச்சு. அன்னிக்கு நீ எங்க இருந்தன்னு யாராவது எழுதினாங்களா?"

அவர் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

"வாசல்ல நின்ன. கதவு இடுக்குல ஒன் காலு தெரிஞ்சுது. கட்டை வெரல்ல கரி. நான் பாத்தேன். எந்த ஆபீசுலயும் அது இல்ல. அதுக்காக நீ வரலன்னு ஆயிடுமா?"

துண்டை அவர் தோளில் போட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"காமாலைக்கு உப்பு ஆவாதில்ல?"

"ஆவாது. நீ வந்து கையெழுத்தப் போடு, நான் உப்பு போட்டே சோறு ஆக்கறேன்."

வந்தார். போட்டார். சைமன்ராஜின் மேஜையில், காட்டிய இடத்திலெல்லாம், எழுத்துக் கூட்டுகிறவரைப் போல நிதானமாகத் தன் பெயரை எழுதினார். மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து வக்கீல் கையிலேயே கொடுத்தார். எதிருரை ஒன்றரைப் பக்கம்தான். எழுதி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா என்று செவ்வந்திக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது; இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

கோர்ட் மனுவை ஏற்றுக்கொண்டது. காமாலையைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தீர்ப்பு ரத்தானது, எதிருரை கோப்பில் ஏறியது, வழக்கு முடிகிறவரை வழியை மறிக்கக் கூடாது என்று உத்தரவும் ஆனது. குஞ்சிதபாதம் கற்களைப் பிடுங்கிச் சுவரோரம் அடுக்கி வைத்தார். "காமாலையெல்லாம் எப்படி இருக்கு?" என்று மட்டும் விசாரித்தார். ஆசாரி வந்து ஜன்னல்களைப் பொருத்தினார்.

வீட்டில்தான் வேறொன்று நடந்தது. கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி முதல் சிங்காரவேல் உப்பில்லாத சோறு கேட்டார். அவள் விளையாட்டென்று நினைத்து ரசத்தை ஊற்றினாள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார். பிறகு தனியாக வடித்து, வெறும் மோரை ஊற்றிக் கொடுத்தாள். விடிந்ததும் கீழாநெல்லியை எங்கிருந்தோ பறித்து வந்து தானே அரைத்துக் குடித்தார். ஒரு மண்டலம் முழுக்க இது ஓடியது. சுரங்கத்துக்குக் கொண்டுபோகிற டிபன் கேரியரிலும் அதே சோறு. "பொய்க்குப் பத்தியம் இருக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்று அவள் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. நல்ல உடம்பு இளைத்துப்போனதுதான் மிச்சம். ஆனால் அந்த நாட்களிலும் அவர் ஷிப்ட்டுக்கு ஒரு நாள் தவறவில்லை.

அடுத்த வருஷம் ரிட்டயர் ஆனார். செக்‌ஷனில் பிரிவுபசார விழா வைத்தார்கள். பெர்மனன்ட் ஆன நாள் முதல் ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆகாதவர் என்று அவருக்குத் தனியாக ஒரு கேடயம் செய்திருந்தார்கள்; இந்தத் தடவை டிபன் கேரியர் இல்லை. செவ்வந்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். குஞ்சிதபாதம் முதல் வரிசையில் இருந்தார். காரில் வந்திருந்தார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிங்காரவேலும் அவளோடுதான் கிளம்பி வந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார்.

மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். ஹாலின் கடைசியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவள் கையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்க்கவும் செய்தார். இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். "எங்கப்பா, இங்கதான இருந்தாரு" என்று யாரோ சொன்னார்கள். செவ்வந்தி பாதி எழுந்தாள். அவர் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்பது போல, அவள் உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தாள் என்பது அவளுக்கும் தெரியவில்லை.

வடக்குத்து வீட்டுக்குக் குடிபோன பிறகு, அந்தச் சந்தில் காய்கறிப் பையோடு நடந்து வரும்போதெல்லாம், அன்றைக்கு ஏன் மேடைக்குப் போகவில்லை என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். குஞ்சிதபாதம் முன்னால் உட்கார்ந்திருந்ததாலா? காமாலைக்காகவா? இல்லை, அதற்கும் முந்தின ஏதோ ஒன்றுக்காகவா? அவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொள்வார், அவள் உள்ளே போவாள். அவ்வளவுதான்.

அன்று மூன்றாவது தடவை பெயரைக் கூப்பிட்டபோது, ஹாலில் இருந்த எல்லோரும் ஆள் வருகிறாரா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரவேலும் அவர்களோடு சேர்ந்து வாசலைப் பார்த்தார்.